வெளி உணவுக்கு அனுமதி இல்லை

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்திருந்த கடைவளாகத்தின் வாசலில் தாம்பூலத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டில் ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு, மருமகனாக வரப்போகிறவனுக்குப் பட்டு வேட்டி எல்லாம் இருந்தன. மகள் பக்கத்தில் புடவையில் நின்றாள். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் அரை டவுசரும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார்கள். என் வேட்டியைப் பார்த்து ஒரு பெண் தன் போனைத் தூக்கினாள். படம் எடுக்கிறாள் என்று புரிவதற்குள் எடுத்து முடித்துவிட்டாள்.

எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைத்தான் ஒரு வாரமாக நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய பையன் வங்காளி. கப்பலில் இன்ஜினியர். செவ்வாய்க்கிழமை கப்பல் ஏறினால் ஆறு மாதம் கழித்துத்தான் தரைக்கு வருவான். அவன் அம்மா ஒரு வருடம் சம்மதிக்கவில்லை. நானும் எட்டு மாதம் மகளிடம், சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்பதைத் தவிர வேறு பேசவில்லை. ஒருவழியாக இரண்டு பக்கமும் இறங்கி வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வது, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. இது தவறினால் பையன் போய்விடுவான், மார்கழி பிறந்துவிடும், ஆறு மாதத்தில் யார் மனசு எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. மகளுக்கு அந்தப் பயம் இருந்தது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

டாக்குரியாவில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பையனின் அப்பாவுக்கு மூட்டு வலி. அதனால் பொதுவாக ஓர் இடம் என்று மகள்தான் இதைத் தேர்ந்தெடுத்தாள். துறைமுகத்தின் பழைய சரக்குக் கிட்டங்கிகளை இடித்தும் இடிக்காமலும் ஓட்டல்களும் துணிக்கடைகளுமாக மாற்றியிருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருடம் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். இந்தக் கிட்டங்கிக்குள் எத்தனையோ முறை யாரையும் கேட்காமல் போய் வந்திருக்கிறேன். இப்போது உள்ளே போகப் போனில் ஒரு கட்டத்தைக் காட்ட வேண்டுமாம். மகள் காட்டினாள். காவலாளி தட்டைக் காட்டச் சொன்னார்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. சித்தப்பா முறை வைத்து மரியாதையாகத்தான் பேசினார். "காக்கு, வெளிச் சாப்பாடு உள்ள போகாது."

"இது சாப்பாடு இல்லை, பூஜைச் சாமான் மாதிரி" என்றேன் வங்காளியில்.

அவர் தேங்காயைத் தூக்கிப் பார்த்து மேசையில் வைத்தார். வாழைப்பழத்தை அதன் பக்கத்தில் வைத்தார். கற்கண்டை முகர்ந்தார். வெற்றிலையைக் கண்டதும்தான் முகம் கடுமையாயிற்று. "பான் கூடவே கூடாது. இங்க பான் போட்டுத் துப்பிட்டாங்கன்னா என் வேலை போயிடும்."

இந்த நகரத்தில் வெற்றிலை என்றால் துப்புகிற சமாச்சாரம். எங்களுக்கு அது வாக்குக் கொடுக்கிற சமாச்சாரம். இதை ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பின்னால் நாற்பது பேர் உச்சுக் கொட்டும்போது விளக்க முடியுமா? என்னால் முடியவில்லை. "நான் இந்தத் துறைமுகத்துல..." என்று ஆரம்பித்தேன். மகள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் பழமும் கற்கண்டும் மேசையில் தங்கிவிட்டன. போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று காவலாளி ஒரு டோக்கன் கொடுத்தார். வேட்டியும் மஞ்சளும் குங்குமமும் மட்டும் வைத்த வெறும் தட்டோடு உள்ளே போனேன்.

உள்ளே ஆறு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஆற்றங்கரை வளாகம் என்று பெயர், ஆனால் முதலில் வருவது செருப்புக் கடை, அடுத்தது காப்பிக் கடை, அதற்கடுத்து இன்னொரு செருப்புக் கடை. எல்லாவற்றுக்கும் பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பூந்தொட்டிகள். தொட்டிகளுக்குப் பின்னால், ஜனங்கள் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக, ஆறு. பாட்டு வேறு காதைக் கிழித்தது. நாங்கள் முன்பதிவு செய்திருந்த ஓட்டல் மாடியில் இருந்தது, ஆனால் லிஃப்ட் உண்டு. மேசை கொடுத்தார்கள், மெனு கொடுக்கவில்லை. அதையும் போனில்தான் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் சைவத்தில் எல்லாமே பன்னீர்.

"நாலரைக்குள்ள முடிச்சிரணும்" என்றேன் மகளிடம், நூறாவது முறையாக.

"தெரியும்ப்பா."

"நாலரைக்கு ராகு காலம்."

"ஆரே, தெரியும்ப்பா."

எங்கள் வீட்டில் எல்லாம் தினசரிக் காலண்டர்படிதான். என் மைத்துனர் ஒவ்வொரு வருடமும் திருநெல்வேலியிலிருந்து கூரியரில் அனுப்பிவிடுவார். என் மனைவி இருந்தவரை தாள் கிழிக்கிறது அவள் வேலை. காலையில் கிழித்து, ராகு காலத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் கிழிக்கிறேன். அன்றைய தாளில் ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை, குளிகை மூன்று முதல் நாலரை வரை என்று போட்டிருந்தது. குளிகையில் நல்லது செய்தால் பெருகும் என்பார்கள். அதனால் நாலு மணிக்குத் தட்டு மாற்றுவது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

ஆனால் மாற்றப்போவது நான் இல்லை. எங்கள் வழக்கத்தில் தட்டைத் தம்பதியாகத்தான் கொடுக்க வேண்டும். மனைவி இல்லாதவன் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அதற்காக அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பரையும் அவர் மனைவியையும் வரச் சொல்லியிருந்தேன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷன். அவரைக் கேட்டதும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும், கேட்ட நாளிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். பெற்று, வளர்த்து, ஜுரத்துக்கு ராத்திரியெல்லாம் துணி நனைத்துப் போட்டவன் ஓரமாக நிற்பான், வேறொருவர் பெண்ணைக் கொடுப்பார். செருப்புக் கடை மேலும் பாட்டு மேலும் நான் காட்டிய கோபத்தில் பாதி அந்தக் கணக்கில் சேர வேண்டியது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பையன் வீட்டார் வந்தார்கள். பையன், அம்மா, அப்பா. அப்பா மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்தார், உடனே எழுந்து ஆற்றைப் படம் எடுக்கப் போய்விட்டார். அம்மா சிறிய உருவம், பெரிய பொட்டு. கையில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் மட்டும் இருந்தது. அதில் கொஞ்சம் நெல்லும் அறுகம்புல்லும். அவர்கள் வழக்கத்தில் அதைத் தலையில் வைத்துத்தான் ஆசீர்வாதம் செய்வார்கள்.

"சந்தேஷ் ஒரு பானை கொண்டுவந்தோம், தாதா. கேட்ல பிடுங்கிட்டாங்க" என்றார். சந்தேஷ் இங்கத்துப் பால் இனிப்பு, தாதா என்றால் அண்ணன். குரலில் அப்படியொரு ஆத்திரம். அந்த அம்மாளைச் சந்தித்த முதல் நிமிடத்திலேயே எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

நாலு அடித்தது. நண்பரைக் காணவில்லை. போன் போட்டேன்.

"அண்ணாச்சி, நாங்க வந்து இருவது நிமிஷமாச்சி. நீங்க எங்க நிக்கீய?"

"மாடியில. நீங்க எங்க?"

"கேட்லதான் நிக்கோம். பூ இருக்குன்னு பைய உள்ள விட மாட்டேங்கான். காளிகாட்டுல அர்ச்சனை பண்ணுன பூ அண்ணாச்சி, அத எப்படிக் குடுத்துட்டு வர?"

"எந்த கேட்?"

"எந்த கேட்டுன்னா? ஒரு கேட்டுதான இருக்கு?"

இரண்டு வாசல்கள். ஆற்றுப்பக்கம் ஒன்று, சாலைப்பக்கம் ஒன்று. அவர்கள் சாலைப்பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பையன் கூட்டிவர ஓடினான். அவன் சாலைப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஆற்றுப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். உள்வழியாக விடமாட்டார்களாம், வெளியே சுற்றித்தான் வர வேண்டுமாம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து. நாலு இருபது. மேசையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, ஏதாவது சொல்லுங்கள் என்று பணியாள் இரண்டாவது முறை வந்தார். பையனின் அம்மா ஐந்து லெமன் சோடா சொன்னார். யாரும் குடிக்கவில்லை. நாலு இருபத்தெட்டுக்கு மகளின் கண் வாசலிலேயே இருந்தது, என் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

பையனும் நண்பரும் அவர் மனைவியும் படியேறி வந்தபோது மணி நாலு முப்பத்தேழு.

"மூச்சு வாங்குது அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று நண்பர் தட்டை நோக்கிக் கை நீட்டினார்.

நான் தட்டைக் கொடுக்கவில்லை. "ராகு காலம் ஆரம்பிச்சாச்சி. இனி ஆறு மணிக்குத்தான்."

பையனின் அப்பா ஆற்றிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவர்கள் பர்த்வானுக்குப் போக வேண்டும். ஐந்தரைக்கு இங்கிருந்து கிளம்பினால்தான் ஹவுராவில் ரயில் பிடிக்க முடியும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"அப்பா" என்றாள் மகள்.

"உன் அம்மா இருந்தா ராகு காலத்துல தட்டு மாத்துவாளா? வீட்டுல வச்சிருந்தா எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கும். கேட்டு, டோக்கனு, பாட்டு... யாரக் கேட்டு இந்த எடத்தப் புடிச்ச?"

எல்லோர் முன்னாலும் சொன்னேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் அழவில்லை. தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வீட்டுல வச்சா நீங்க அம்மா போட்டோவையே பாத்துட்டு நிப்பீங்க. என்னைப் பாக்க மாட்டீங்க. அதான்ப்பா இங்க."

தட்டை மேசையில் வைத்தேன். எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளித்தளத்துக்குப் போனேன்.

அங்கே நிற்க இடமில்லை. வளாகத்தில் இருந்த அத்தனை பேரும் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். என்ன கூத்து என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். எதிர்க்கரையில், ஹவுராப் பக்கத்துப் புகைபோக்கிகளுக்குப் பின்னால், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி போய்விட்டது. கால் பங்கு இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். சூரியன் அஸ்தமிப்பதற்குக் கை தட்டுகிற கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். மணி பார்த்தேன். ஐந்தாகப் பத்து நிமிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ராகு காலம் என்பது கடிகாரத்தில் இல்லை. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பங்கு வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிற சூரியனுக்குத்தான் நாலரை முதல் ஆறு. கார்த்திகையில் இந்த ஊர்ச் சூரியன் ஐந்துக்கு முன்னாலேயே படுத்துவிடுகிறது. அப்படியானால் இங்கே ராகு காலம் மூன்றரைக்கே தொடங்கியிருக்க வேண்டும். சூரியனே போய்விட்டது, இனி ராகு காலம் ஏது? நான் முறுக்கிக்கொண்டு நின்ற இந்த நிமிடத்தில்தான் அது முடிந்திருந்தது. நான் குறித்துக் கொடுத்த நாலு மணி, நட்டநடு ராகு காலம். அந்தக் காவலாளிகளும் இரண்டு வாசலும் இல்லாவிட்டால் நானே என் மகளை அதற்குள் தள்ளியிருப்பேன்.

இது தெரியாத சங்கதி இல்லை. பங்கு வைக்கிற கணக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறதே என்று முப்பத்து மூன்று வருடமாகப் புலம்பியும் இருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கொல்கத்தாவில் குடியிருந்துகொண்டு திருநெல்வேலிச் சூரியனுக்குப் பயந்திருக்கிறோம். என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் குளிர்காலம்தான். ஆறு அடிக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். வெளியே இருட்டிய பிறகும், பையை எடுத்து வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசற்கதவுக்கு உட்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் நின்றோம். அந்த ஒரு மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். மாறியிருக்காதுதான். ஆனாலும் அவள் வலியோடு நின்றாள்.

நான் உள்ளே போய், "ராகு காலம் முடிஞ்சாச்சி, எல்லாரும் கீழ வாங்க" என்றேன்.

நண்பர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, மணி அஞ்சுகூட ஆகலையே?"

"இந்த ஊர் சூரியன் போயாச்சி தம்பி. பொறவு சொல்லுதேன்."

மகள் ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டாள். ஏழு பேரும் கீழே இறங்கி ஆற்றுப்பக்க வாசலுக்குப் போனோம். எங்கள் சாமான் அங்கேதானே இருக்கிறது? காவலாளியின் மேசையில் என் தேங்காயும் பழமும் வெற்றிலையும் அவர்களுடைய சந்தேஷ் பானையும் நண்பர் விட்டுவைத்த பூப்பையும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டோக்கனை நீட்டினேன். இங்கேயே ஐந்து நிமிடம் மேசை வேண்டும் என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், என் மகளின் புடவையைப் பார்த்தார், பையனின் அம்மா கையிலிருந்த நெல்லையும் புல்லையும் பார்த்தார். பதிவேட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நகர்ந்துகொண்டார்.

தட்டு நிறைந்தது. நண்பரின் மனைவி அதன் மேல் பூவை வைத்தார். நண்பர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மனைவியோடு முன்னால் வந்தார். நான் வழக்கப்படி இரண்டடி பின்னால் போனேன், பரிசோதனை இயந்திரத்தில் முதுகு இடித்தது.

பையனின் அம்மா கையை நீட்டவில்லை. "இவங்க யாரு? தாதா ஏன் அங்க நிக்கிறார்?"

சொன்னேன். மனைவி இல்லாதவன் கொடுப்பதில்லை என்று வங்காளியில் சொன்னேன். அந்த மொழியில் சொல்லும்போது அது இன்னும் மோசமாகக் கேட்டது.

பையனின் அம்மா சொன்னது இது; அவர் வங்காளியில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்: "எங்க வழக்கத்துல மகன் கல்யாணத்தை அம்மா பாக்கக் கூடாது, தாதா. எல்லாரும் போவாங்க. நான் வீட்ல இருக்கணும். என் மாமியாரும் அப்படித்தான் இருந்தாங்க. எனக்குக் கண்ணால பாக்கக் கிடைக்கிறது இன்னைக்கு மட்டும்தான். அதையும் தெரியாத கையிலிருந்து வாங்கச் சொல்றீங்களா?"

நண்பருக்கு வங்காளி நன்றாகவே வரும். தட்டை என் கையில் வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

கனமாக இருந்தது. ஒரு தேங்காய், ஒரு சீப்பு பழம், இவ்வளவு கனக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் போனைத் தூக்கியிருந்தார்கள். எடுத்துத் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தட்டை நீட்டினேன். பையனின் அப்பா அப்போதுதான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மனைவி பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள் என் மகளின் தலையில் நெல்லும் புல்லும் வைத்தார். காவலாளி சந்தேஷ் பானையின் மூடியை அவிழ்த்துக் கொடுத்தார், அவருக்கும் ஒன்று கொடுத்தோம். வாசலுக்கு வெளிப்பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார்.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "சாரிப்பா" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். "நீ என்னத்துக்குட்டி சொல்லுத?" என்றேன்.

அவர்கள் வண்டி வருவதற்குக் காத்திருந்தபோது அந்த அம்மாளிடம் போனேன். "வைகாசியில நானே மணையில உக்காந்து கொடுக்கப்போறேன். நீங்க வந்து பாக்கணும்" என்றேன். கேட்பது முறையா என்றுகூட யோசிக்கவில்லை. அவர் கணவரைப் பார்த்தார். அவர் ஆற்றைப் பார்த்தார். வண்டி வந்து நின்றது. அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, கதவைச் சாத்தினார். சரிதான், நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடி இறங்கியது. "முகூர்த்தம் எத்தனை மணிக்கு, தாதா?"

வாய் வரைக்கும் வந்தது, ஆறிலிருந்து ஏழரை என்று. நிறுத்திக்கொண்டேன். வைகாசியில் இந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.